முழுநாள் பதிவு

1

கார்த்திகாவின் கல்யாணப் பத்திரிகை கைப்பேசியில் வந்து விழுந்தபோது நான் காலைப் பதிகத்தின் நடுவில் இருந்தேன். பாட்டு முடியும் முன் வேறொன்றைப் பார்ப்பதில்லை என்பது கனடாவுக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் நான் கைவிடாத ஒழுங்கு. அன்று கண் தானாகவே போயிற்று. கார்த்திகா என் தங்கை ராசாத்தியின் மகள். விருதுநகரில் பிறந்து வளர்ந்து இப்போது சென்னையில் வேலை பார்ப்பவள். எனக்கு உடன்பிறப்பு ராசாத்தி ஒருத்திதான். ஆகவே கார்த்திகாவுக்குத் தாய்மாமனும் நான் ஒருவன்தான்.

பத்திரிகை சிவகாசி அச்சு. மயில்கழுத்து நீலத்தில் தங்க எழுத்துகள். ஒரு காலத்தில் அச்சகத்தில் பிழை திருத்தி வயிறு வளர்த்தவன் ஆதலால் முதலில் எழுத்துகளையே பார்த்தேன். பிழை ஒன்றும் அகப்படவில்லை. 'தாய்மாமன்' என்ற சொல்லின் கீழே என் பெயர் தனி வரியில் நின்றது. அதன் பிறகுதான் தேதியைப் பார்த்தேன். கார்த்திகை மாதத்தின் கடைசி முகூர்த்தம். இந்நாட்டின் குடிமகனாக உறுதிமொழி எடுக்க வரும்படி எனக்கு அழைப்பு வந்திருந்ததும் அதே நாளுக்குத்தான்.

பதிகத்தை விட்ட இடத்திலிருந்து தொடர முயன்றேன். நாவில் அடுத்த அடி வரவில்லை. இறைவனைக் காலகாலன் என்று வாய் ஓயாமல் சொல்கிறவனுக்கு ஒரு தேதி பாட்டை மறக்கச் செய்தது.

2

நான் இங்கே செய்யும் வேலையை ஊரில் யார் கேட்டாலும் 'காலண்டர் வேலைதான்' என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பொய்யன்று. சிவகாசியில் இருந்தபோது தினசரி காலண்டரின் தாள்களைத் திருத்தினேன். இங்கே ஒரு சிறு மென்பொருள் கம்பெனியில் அரைநாள் ஆவணம் எழுதுகிறேன்.

அந்தக் கம்பெனி செய்வது இது. இக்காலத்து மனிதர்கள் தங்கள் நாட்காட்டியை ஏஐ ஏஜெண்ட் என்ற கணினிக் காரியதரிசி ஒன்றின் கையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். பல் வைத்தியரிடம் நேரம் கேட்பதும் அலுவலகக் கூட்டம் குறிப்பதும் அதன் பாடு. எதையும் குறிப்பதற்கு முன் அந்த நேரத்தில் வேறு வேலை மோதுகிறதா என்று அந்த ஏஜெண்ட் எங்கள் கருவியிடம் கேட்கும். கருவி 'மோதல் உண்டு' என்றோ 'மோதல் இல்லை' என்றோ பதில் சொல்லும். அதை எப்படிக் கேட்க வேண்டும், பதிலை எப்படிக் கொள்ள வேண்டும் என்று எழுதி வைப்பது என் பொறுப்பு. அந்த எழுத்தை மனிதர் படிப்பது குறைவு. ஏஜெண்ட்தான் படிக்கிறது; படித்தபடியே நடக்கிறது.

இது என்னை நிலைகொள்ளாமல் செய்யும் எண்ணம். அடியார்கள் எல்லாம் அறிந்த ஒருவனை நோக்கிப் பாடினார்கள். அவனுக்குச் சொல்லித் தர ஒன்றுமில்லை, உருகினால் போதும். என் வாசகனுக்கோ நான் சொல்லாத எதுவும் தெரியாது. நான் ஒரு வரியை விட்டால் அந்த இடத்தில் அதற்கு உலகமே இல்லை.

ஆனாலும் பழைய படிப்பு அவ்வப்போது கைகொடுத்தது. ஒரு கூட்டம் பத்து மணிக்கு முடிகிறது, இன்னொன்று அதே பத்து மணிக்குத் தொடங்குகிறது என்றால் அது மோதலா என்று மாரெக் ஒருமுறை கேட்டார். மாரெக் போலந்திலிருந்து வந்தவர். அந்தக் கருவியைக் கட்டியவர். நான் அவருக்கு அந்தாதியைச் சொன்னேன். ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்தது தொடங்கும். இரண்டும் அந்தச் சொல்லுக்காகச் சண்டை போட்டுக்கொள்வதில்லை, ஒன்று கொடுக்கிறது, மற்றது வாங்கிக்கொள்கிறது என்று விளக்கினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் கருவியின் அந்த விதிக்கு உள்ளுக்குள் இன்றும் அந்தாதி என்றுதான் பெயர்.

அதே தைரியத்தில்தான் அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னேன்.

3

நாட்காட்டியில் சில பதிவுகளுக்கு மணி கிடையாது. பிறந்தநாள், விடுமுறை போன்றவை. அவற்றை முழுநாள் பதிவு என்பார்கள். ஒரு நாளின் தலையில் அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தால் அந்த நாளை நிரம்பியதாகக் கொள்வதா, காலியாகக் கொள்வதா என்று மாரெக் கேட்டார்.

எனக்கு உடனே அச்சகத்தின் மை மணம் மூக்கில் ஏறிற்று. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தைப் பூசையில் வைத்து ஆர்டர் பிடிக்கத் தொடங்கும் ஊர் சிவகாசி. எஞ்சிய ஆண்டு முழுவதும் நாங்கள் வாழ்வது வரப்போகும் ஆண்டில். நான் திருத்திய ஒவ்வொரு தாளிலும் இராகு காலமும் எமகண்டமும் மணியோடு இருக்கும். அவற்றுக்கு மேலே மணியில்லாமல் ஏகாதசி, கிருத்திகை, பிரதோஷம், இன்ன ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று ஏதாவது ஒன்று நிற்கும். அப்படி ஒன்றும் இல்லாத தாள் அரிது. மணியோடு இருப்பதைப் பார்த்துத்தான் ஊர் கடை திறந்தது, லோடு ஏற்றியது. மணியில்லாததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிற்று. அத்தனைக்கும் வேலையை நிறுத்தினால் எங்கள் இயந்திரம் ஒரு நாளும் ஓடியிருக்காது என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முழுநாள் பதிவுகள் மோதலாகக் கொள்ளப்படமாட்டா என்று அன்று மாலையே எழுதி முடித்தேன். நல்ல வரி என்று நினைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

பிறகு குடியுரிமை அலுவலகத்தின் அழைப்பு வந்தது. நாள் மட்டும் இருந்தது. நேரமும் இடமும் பின்னர் அறிவிக்கப்படும் என்றிருந்தது. மணி இல்லாததால் என் ஏஜெண்ட் அதை முழுநாள் பதிவாகக் குறித்துக்கொண்டது.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கார்த்திகாவிடம் பெருமையடித்திருந்தேன். நாள் பார்க்க எனக்குப் போன் போட வேண்டாம், என் நாட்காட்டியைத் திறந்துவிட்டிருக்கிறேன், என் ஏஜெண்ட்டைக் கேட்டால் போதும் என்று. அவள் சொன்னதைக் கேட்கிற பெண். கேட்டிருக்கிறாள். அது என் ஆவணத்தைப் படித்தது, படித்தபடியே நடந்தது.

4

பத்திரிகை வந்த அன்று மாலை, அங்கே விடிந்த பிறகு, ராசாத்தியை அழைத்தேன். பத்திரிகை நன்றாக வந்திருக்கிறதா, மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் விட்டுப்போயிற்றாம், அதற்கு அங்கே ஒரு சண்டை என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசினாள்.

"ஏண்ணே, காலண்டர் ஆபீஸ்லயே பாதி ஆயுசக் கழிச்சவுக நீங்க. ஒங்களுக்கு நாளு பாக்கத் தெரியலையாக்கும்."

சிரிப்பில்லாமல் சொன்னாள். கார்த்திகா அன்று விருதுநகரில்தான் இருந்தாள், போனை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, நான் கேட்டுட்டுத்தான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கச் சொன்னேன். க்ளாஷ் இல்லைன்னு சொல்லுச்சு. ரெண்டு தடவ கேட்டேன் மாமா, ரெண்டு தடவயும் அதேதான் சொல்லுச்சு."

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தான் எங்கே தவறினோம் என்று தேடுகிற தொனி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் மேல் தவறில்லை அம்மா என்று சொன்னேன். எவர் மேல் என்று சொல்லவில்லை.

நாளை மாற்ற முடியாது. மாப்பிள்ளை வீட்டார் எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள். தீபாவளி வரை அவர்களுக்குத் தலை நிமிர நேரமிராது. சரக்கெல்லாம் போய், தொழிற்சாலை மூடிக் கிடக்கிற ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும்தான் அந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் நடக்கும். அது கழிந்தால் மார்கழி. தை பிறந்ததும் ஆள் சேர்த்து மறுபடி வேலை தொடங்கிவிடும். ராசாத்தி கூச்சத்தை விட்டுச் சம்பந்தியம்மாளைக் கேட்டும் பார்த்தாளாம். சீசன் யாருக்காகவும் நிற்காது மதினி என்று அந்த அம்மாள் பணிவாகவே சொன்னாராம்.

மறுநாள் ராசாத்தியே அழைத்தாள். இரவெல்லாம் யோசித்திருப்பது குரலில் தெரிந்தது.

"நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீகண்ணே. பெரியப்பா மகன் தங்கராசு அண்ணன் நிக்கட்டும். அவுகளும் மாமன் மொறதான. அங்கன ஒங்களுக்கு ஆக வேண்டியதப் பாருங்க."

என்னை இலேசாக்கவே சொன்னாள். பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருகிறவன் தாய்மாமன். அவள் கழுத்தில் முதல் மாலை அவன் போடுவது. ராசாத்தி பூப்பெய்திய நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நல்லதும் மாமன் இல்லாமல் நடந்ததில்லை. அந்த இடத்தில் இன்னொருவன் நிற்கலாம். முறை இடம் கொடுக்கிறது. தங்கராசு நல்ல மனிதன், நெட்டையாக, பட்டு வேட்டி எடுப்பாகத் தெரிகிற மாதிரி நிற்பான். அவன் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அன்று முழுவதும் எந்த வேலையும் ஓடவில்லை.

5

என் மகள் நித்யா இதை வேறு விதமாகப் பார்த்தாள். ஐந்து வயதில் இங்கே வந்தவள். ஊர்க் கல்யாணங்கள் அவளுக்குப் புகைப்படங்கள். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினாள்.

"அப்பா, டைம் போட்டுப் பாருங்க. அங்க காலையில முகூர்த்தம்னா இங்க முந்தின நாள் ராத்திரி. போன்ல பார்த்துட்டுத் தூங்கி எந்திரிச்சு உறுதிமொழிக்குப் போகலாம். இது க்ளாஷே இல்ல."

கணக்கு சரி. நான் எழுதிய ஆவணத்தின்படியும் சரி. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரு நிமிடம்கூட ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. ஒரு கல்யாணம் முடிந்து, உறங்கி எழுந்து, குளித்துவிட்டுப் போகலாம். ஒரே உடம்பு இரண்டு கண்டங்களில் இருக்க வேண்டும் என்பதைக் கருவியும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

நான் கல்யாணத்துக்குப் போகத்தான் போகிறேன் என்பது அவளுக்கு என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளதைச் சொன்னாள். முன்பொரு முறை நான் விருதுநகரில் இருந்தபோது என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, திரும்பி வர வழியில்லாமல் தவித்தேன். அவள் இங்கே அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள்.

"ஒவ்வொரு தடவ நீங்க ஊருக்குப் போறப்பவும் திரும்ப விடுவாங்களான்னு நான் பயந்துட்டே இருக்கணுமா அப்பா? இந்த ஒரு நாள் முடிஞ்சா அந்த பயம் போயிடும்னு நெனச்சேன்."

எனக்கு அந்த ஒரு நாள் முடிவதில்தான் பயம் என்று அவளிடம் சொல்லவில்லை. உறுதிமொழி எடுத்த கையோடு என் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு விருதுநகருக்குப் போவதற்கு நான் அனுமதி அட்டை வைத்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் பயம் தீர்வதற்கும் ஒரு கிழவன் தன் ஊருக்கு விருந்தாளியாவதற்கும் ஒரே நாள் குறிக்கப்பட்டிருந்தது.

உறுதிமொழி நாளை மாற்றித் தரும்படி குடியுரிமை அலுவலகத்துக்கு எழுதினேன். பிறகு அழைத்தும் பேசினேன். நெடுநேரம் சங்கீதம் கேட்க வைத்த பின் ஓர் அம்மையார் கனிவாகப் பேசினார். மணப்பெண் எனக்கு என்ன உறவு என்றார். தங்கை மகள் என்றேன். அவர்கள் மொழியில் அதற்கு உள்ள சொல் மிக மெலிந்தது. அத்தை மகனின் மகளுக்கும் அதையே சொல்லிவிடலாம் போலிருக்கும். அந்தச் சொல்லுக்கு எடை கூட்ட எண்ணி, பெண்ணை மணவறையில் ஒப்படைக்க வேண்டியவனே நான்தான் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, தந்தை எப்போது காலமானார் என்று கேட்டார். இல்லை, நலமாக இருக்கிறார் என்றேன். அப்படியானால் அன்று அவர் வேறு எங்காவது போகிறாரா என்றார். இல்லை, அவரும் அங்கேயேதான் இருப்பார் என்றேன். சூலக்கரையில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மைத்துனர், கார்த்திகாவின் அப்பா, இதைக் கேட்டிருந்தால் மனம் நொந்திருப்பார்.

கடைசியில் அந்த அம்மையார் சொன்னது இவ்வளவுதான். நோயும் மரணமும் மகப்பேறும் ஏற்கத்தக்க காரணங்கள். என் காரணத்தையும் எழுதி வைத்துக்கொள்வார். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது. வராமலும் போகலாம், அப்போது முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். நன்றி சொல்லி வைத்தேன். பயணச்சீட்டை அன்றே எடுத்தேன். நித்யா பக்கத்து அறையில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள். வெளியே வரவில்லை.

6

புறப்படும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. மாரெக்கிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லும் வகையினர் அல்லர். அன்று பிற்பகலே கருவியை மாற்றி, முழுநாள் பதிவு எல்லாவற்றையும் மோதலாக்கி, என் நாட்காட்டியின் மீதே சோதித்துப் பார்த்தார். என் நாட்காட்டியிலோ நான் விரதங்களையும் விசேட நாள்களையும் அடியார்களின் குருபூசைகளையும் பக்தியோடு ஏற்றி வைத்திருக்கிறேன். தை மாதம் முடியும் வரை என்னை யாராலும் சந்திக்க இயலாது என்று கருவி அறிவித்தது. பல் வைத்தியராலும்கூட. மாரெக் அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, உங்கள் கடவுள் உங்களுக்கு ஓய்வே தருவதில்லையா என்றார்.

சிவகாசியில் இந்தச் சிக்கல் ஏன் எழவில்லை என்று அடுத்த நாள்களில் திரும்பத் திரும்ப யோசித்தேன். பதிகத்தின் நடுவிலும் அதே யோசனை. அங்கே யாரும் தாளை மட்டும் பார்த்து நாள் குறித்ததில்லை. தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு ஆளைக் கேட்டார்கள். அந்தக் கிருத்திகையில் உங்களுக்கு ஏதும் உண்டா, மாமா வருவாரா என்று வீட்டுக்கு நடந்து போய்க் கேட்டார்கள். நான் தாளைத் திருத்தியவன். தாளோடு நடந்து போனவர்களை நினைக்காமலே விதி எழுதிவிட்டேன். அதற்கும் மேலாக, என்னைக் கேட்க வேண்டாம் என்று என் தங்கை மகளிடம் நானே சொன்னேன்.

ஆவணத்தில் அந்த நல்ல வரியை அடித்தேன். அதன் இடத்தில் இப்படி எழுதினேன்: முழுநாள் பதிவு கண்டால் உண்டு என்றோ இல்லை என்றோ நீயாக முடிவு செய்யாதே. அந்த நாளுக்கு உரியவரிடம் கேள். பதில் வரும்வரை காத்திரு. மாரெக் அதற்கேற்பக் கருவியில் 'உரியவரைக் கேள்' என்று மூன்றாவது பதில் ஒன்றைச் சேர்த்தார்.

விமான நிலையத்துக்கு நித்யாதான் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது என் கழுத்துத் துண்டை இழுத்துச் சரி செய்தாள்.

"அந்தத் தேதிய காலண்டர்லேர்ந்து எடுத்துட்டீங்களாப்பா?"

எடுக்கவில்லை என்றேன். அலுவலகம் வேறு நாளை அறிவிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். எடுத்தால் எதையோ முடித்ததாக ஆகும் என்று பட்டது.

7

விருதுநகர் மண்டபத்தில் விடியற்காலையிலேயே கூட்டம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வெடித்த வெடியில் பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் ஊரைக் காலி செய்தன. தங்கராசு பட்டு வேட்டியில் எடுப்பாகத்தான் இருந்தான். என்னைக் கண்டதும் கையில் வைத்திருந்த மாலைத் தட்டைக் கொண்டுவந்து என்னிடம் தந்தான்.

"வந்துட்டீகளா. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டது வீணாப் போச்சே."

ராசாத்தி என்னைப் பார்த்து அழவில்லை. சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா என்று கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். போகிற போக்கில் என் அங்கவஸ்திரத்தை ஒரு இழுப்பு இழுத்துச் சரி செய்தாள். அந்த இழுப்பு எனக்கு நித்யாவை நினைவூட்டியது. அந்த நேரத்தில் அவள் அங்கே என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் மனம் ஓரிடத்தில் உட்காரவில்லை. நான் பாடும் பாட்டுகளில் அடியார்கள் இந்த அலைச்சலை அவனிடம் முறையிட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு முறையிடும் சொல்கூட அன்று அகப்படவில்லை.

ஐயர் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். கார்த்திகா அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். ஒரு கையால் அவள் கையைப் பிடித்தேன். மற்றக் கையில் மாலை. அப்போது சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. நித்யாவோ என்று ஒரு கணம் நின்றேன். அருகே வந்து நின்ற ராசாத்தி என் பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது ஒங்க ஏஜெண்ட்டுண்ணே. நாளைக்கு முழுநாள் பதிவு ரெண்டு இருக்காம். உறுதிமொழியா, கார்த்திகா கல்யாணமா, எதுக்குப் போறீகன்னு கேக்குது."

கார்த்திகா தலை குனிந்தபடியே சிரித்தாள். அதற்கு இன்னும் கனடா நேரம்தான். அங்கே முந்தின நாள் முடிந்திருக்கவில்லை.

"நாளைக்காம்ல," என்றாள் ராசாத்தி. "இங்கன தாலி கட்டப் போறோம், அது நாளைக்குங்குது. என்னண்ணே பதில் போட?"

அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி எழுதியவன் நான். நல்ல கேள்விதான். உறுதிமொழி என்ற சொல் என் தங்கையின் உள்ளங்கையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கார்த்திகா என் விரல்களை இறுக்கினாள். மணவறையிலிருந்து ஐயர் மறுபடியும் குரல் கொடுத்தார். எனக்குக் கை ஒழியவில்லை என்று ராசாத்தியிடம் சொன்னேன். அவள் கைப்பேசியைத் தன் பைக்குள் போட்டு மூடினாள்.

நாங்கள் நடந்தோம். பைக்குள் அது மீண்டும் ஒருமுறை அதிர்ந்தது எனக்குக் கேட்டது. மேளம் ஏறியதும் கேட்கவில்லை. பதில் வரும்வரை அது காத்திருக்கும். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.